இடது குதிகால்

மருத்துவமனைச் சலவைப் பிரிவில் அவளை எல்லோரும் கிரேன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஈரத் துணி மூட்டையை இரண்டு ஆண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூச்சு வாங்க இழுத்துக்கொண்டிருப்பார்கள். அவள் வந்து, கொஞ்சம் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, தனியாகவே தூக்கித் தள்ளுவண்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவாள். உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஊழியர் பளுதூக்கும் கூடத்தின் பயிற்சியாளர் இதைப் பார்த்துவிட்டார். மாஸ்டர் என்றால் அந்த வளாகத்தில் அவர் ஒருவர்தான். போர்வையைத் தூக்கும் நேரத்தில் இரும்பைத் தூக்கிப் பார்க்கலாமே என்றார். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். வீட்டில் கேட்டபோது, "இதுக்கெல்லாமா என்கிட்ட கேப்ப?" என்றான் கணவன். மறுநாளே போனாள்.

முதல் ஆறு மாதம் ஓடுவதற்கான சாதாரண ஷூவோடுதான் தூக்கினாள். எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும்போதெல்லாம் மெத்தை மேல் நிற்பது போலக் கால் தள்ளாடும். தன் காலில்தான் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் ஒருநாள் அந்த ஷூவைக் கழற்றி வாங்கி, அதன் குதிகாலைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார். விரல் பாதி உள்ளே போனது. ஓடுகிறவர்களுக்கு அது மெத்தென்று இருக்க வேண்டும், தூக்குகிறவர்களுக்கு அதுதான் எமன் என்றார். பளுதூக்கும் ஷூவின் குதிகால் கொஞ்சம் உயர்ந்திருக்கும், அப்போதுதான் நெஞ்சு நிமிர்ந்தபடி ஆழமாக உட்கார முடியும். ஆனால் அந்த உயரம் கல் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். பாதம் உள்ளே நழுவாமலிருக்க மேலே குறுக்காக ஒரு வார் வேண்டும். இவ்வளவுதான் அவர் சொன்னது.

அந்த ஷூவைத் தேடி அவளும் கணவனும் ஒரு விடுமுறை நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கணவன் பேருந்து ஓட்டுநர். எந்த வேலையை எடுத்தாலும் அதைப் பற்றி நாலு பேருக்குப் பாடம் நடத்தும் அளவுக்குத் தெரிந்துகொண்டுதான் விடுவான். முதல் கடையில் நுழைந்ததுமே எல்லா ஷூவின் குதிகாலையும் வரிசையாக அழுத்த ஆரம்பித்துவிட்டான். இது தக்காளிக் கடை இல்லை சார் என்றார் விற்பவர். மூன்றாவது கடையில் அவளை ஷூவோடு உட்கார்ந்து எழச் சொன்னான். அவள் கூச்சப்பட்டு நிற்க, தானே அலமாரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து காட்டினான். எழுந்திருக்க முடியவில்லை. அவளும் கடைக்காரருமாகச் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். ஐந்தாவது கடையில் அவள் அளவில் ஒரே ஒரு ஜோடி இருந்தது. குதிகாலை அழுத்திப் பார்த்துவிட்டு, "என் நகம்தான் ஒடையுது. இதான்" என்றான். தரையில் முட்டி போட்டு அவள் காலில் அந்த வாரை இழுத்துக் கட்டியதும் அவன்தான். திரும்பி வரும்போது பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருந்த முன்பின் தெரியாத மனிதரிடம், எடை தூக்கும் ஷூ ஏன் அமுங்கக் கூடாது என்று இறங்கும் இடம் வரை விளக்கிக்கொண்டே வந்தான்.

அவனுக்கு ஒரு தங்கை. பெற்றோர் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு அப்பாவாகவும் அம்மாவுக்கு அம்மாவாகவும் இருந்து வளர்த்தவன் அவன். அண்ணி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தாள். பத்தொன்பது வயதில் பளுதூக்கும் கூடத்துக்கும் பின்னாலேயே வந்துவிட்டாள். மருத்துவமனையிலேயே நோயாளிகளின் கோப்புகளை அடுக்கி வைக்கும் அறையில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்தது. கம்பியை எப்படிப் பிடிப்பது, மூச்சை எங்கே அடக்குவது, மாதவிலக்கு நாளில் எவ்வளவு குறைத்துத் தூக்குவது, எல்லாம் அண்ணி சொல்லிக் கொடுத்தது. நாத்தனாருக்கு இருபத்திரண்டு வயதானபோது இருவரும் ஒரே எடைப் பிரிவுக்கு வந்து நின்றார்கள். காலையில் எடை பார்க்கும் கருவி முன்னால் வரிசை கட்டுவார்கள். ரெண்டு யானைக்குட்டியை வைத்துச் சோறு போடுகிறேன் என்று கணவன் பணிமனையில் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் பெருமைதான் அதிகம்.

அந்த வருடம் தொழிலாளர் விளையாட்டுப் போட்டிக்கு ஆள் எடுத்தார்கள். அவர்கள் பிரிவில் ஒரே ஓர் இடம். அணிக்குத் தேர்வாகும் தற்காலிக ஊழியர்களை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்தது. யார் அதிகம் தூக்குகிறார்களோ அவர்தான், என்னிடம் யாரும் பேச வர வேண்டாம் என்று மாஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அண்ணிக்கு அது ஏழு வருடக் கனவு. முப்பத்தைந்து வயதில் அடுத்த வாய்ப்பு வரும் என்று நம்ப முடியாது. ஆனாலும் வீட்டில் அதை ஒரு சண்டையாக யாரும் நினைக்கவில்லை. யார் ஜெயித்தாலும் பதக்கம் இந்த வீட்டு ஆணியில்தானே தொங்கப் போகிறது என்றாள் அவள். நாத்தனாரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். கணவன் மட்டும் அன்று சாப்பிட்ட தட்டோடு எழுந்து போய், அதைக் கழுவப் போட்டுவிட்டுச் சீக்கிரமே படுத்துக்கொண்டான். அசதி என்று அவள் நினைத்தாள்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உடைமாற்றும் அறையில் குழாய் வெடித்தது. கீழ்த்தட்டில் வைத்திருந்த அவள் ஷூ விடிய விடியத் தண்ணீரில் ஊறியது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. போட்டுத் தூக்கியபோது இடது காலின் வார் தையல் விட்டது. அதோடு அந்தக் கால் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்வது போல ஓர் உணர்வு. கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பணிமனைக்கு எதிர்ச் சந்தில் ஷூ செய்பவர் ஒருவர் இருந்தார். ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள் ஆகியோருக்கு அளவெடுத்துச் செய்து தருபவர். அவரிடம் கொடுக்கச் சொல்லிக் கணவனிடம் ஷூவை ஒப்படைத்தாள். வாரைத் தைக்க வேண்டும், இடது குதிகாலையும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னபோது, எனக்குக் காது கேட்கும் என்றான்.

மறுநாள் மாலை ஷூவைக் கொண்டுவந்து வைத்தான். வார் புதுசு போலத் தைத்திருந்தது.

"குதிகாலைப் பாத்தாரா?"

"பாத்தாரு. நல்லா இருக்காம். உனக்கு மனசுலதான் சந்தேகம். போட்டி கிட்ட வந்தா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னாரு."

அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அதற்குப் பிறகு கால் சாய்ந்தபோதெல்லாம் அவள் ஷூவைச் சந்தேகப்படவில்லை. தன்னையே சந்தேகப்பட்டாள். வயதாகிவிட்டதோ என்று ஒருநாள் மாஸ்டரிடமே கேட்டாள். அவர் முறைத்துவிட்டுப் போய்விட்டார்.

தேர்வு நாளன்று கூடத்தில் நாற்காலி போதாமல் சலவைப் பிரிவு ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். முதலில் ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச். அவள் எழுபது கிலோ தூக்கினாள். அதற்கு மேல் இரண்டு முறை முயன்றும் கம்பி முன்னால் விழுந்தது. நாத்தனார் அறுபத்தொன்பது. அடுத்து, தோளுக்குக் கொண்டுவந்து பிறகு மேலே தள்ளும் ஜெர்க். அதுதான் அண்ணியின் கோட்டை. எண்பத்தெட்டை முதல் முயற்சியிலேயே தள்ளினாள். நாத்தனார் தன் கடைசி முயற்சியில் தொண்ணூறைத் தள்ளினாள். அது அவள் வாழ்நாளில் தூக்கியதிலேயே அதிகம். அண்ணிதான் முதலில் கை தட்டினாள். இப்போது நாத்தனார் ஒரு கிலோ முன்னால். அண்ணிக்கு இன்னும் இரண்டு முயற்சி மிச்சம்.

தொண்ணூற்றொன்று கேட்டாள். பயிற்சியில் எத்தனையோ முறை தள்ளிய எடை. தோளுக்கு வந்தது. மூச்சை அடக்கி மேலே தள்ளி, இடது காலை முன்னால் வீசி ஊன்றினாள். ஊன்றிய குதிகால் அவளுக்குக் கீழே உள்பக்கமாக அமுங்கியது. முழங்கால் அதோடு மடிந்தது. கம்பி பின்னால் விழுந்த சத்தத்தில் அவள் போட்ட சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

தசைநார் பாதி கிழிந்திருந்தது. அறுவை வேண்டாம், ஆனால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். நாத்தனாரை அணியில் எடுத்தார்கள்.

அந்த நாட்களில் வீடு அவளைக் கண்ணில் வைத்துத் தாங்கியது. கணவன் விடுப்பு எடுத்துச் சமைத்தான். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்துக் கொடுத்தான். நாத்தனார் காலையும் மாலையும் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து முழங்காலில் ஒத்தடம் கொடுத்தாள். சில நாள் ஒத்தடம் கொடுக்கும்போதே அழுதாள். நான் விழுந்ததற்கு நீ ஏன் அழுகிறாய், போட்டிக்குப் போய் மானத்தைக் காப்பாற்று என்று அண்ணி அவளைத் தேற்றினாள். இப்படி ஒரு குடும்பம் யாருக்குக் கிடைக்கும் என்று சலவைப் பிரிவிலிருந்து பார்க்க வந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஒன்பதாவது வாரம், நடக்கும் பயிற்சி கொடுத்த பெண்மணி அவளிடம் எந்த ஷூவோடு விழுந்தாய் என்று கேட்டார். அதைப் போய் ஒருமுறை சரிபார், திரும்பத் தூக்கப் போவதாக இருந்தால் கால் அளவெடுத்துப் புதிதாகச் செய்துகொள் என்றார். அவள் பழைய ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, மெல்ல நடந்து, பணிமனைக்கு எதிர்ச் சந்துக்குப் போனாள். அங்கே அவள் போவது அதுதான் முதல் தடவை.

சுவர் முழுக்க மரத்தில் செதுக்கிய பாதங்கள். ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய பாதம். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஷூவைத் திருப்பிப் பார்த்தார். வாரில் தன் தையலை அடையாளம் கண்டுகொண்டார். பிறகு அவள் முழங்கால் உறையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான் எழுதிக் குடுத்தும் இதைப் போட்டுத் தூக்கினீங்களாம்மா?"

என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்று அவள் கேட்டாள்.

அவர் பதில் சொல்வதற்கு முன்னால் கத்தியை எடுத்து இடது குதிகாலின் ஓரமாக ரப்பரைக் கீறினார். உள்ளே அழுத்திய அட்டையை அடுக்கிச் செய்திருந்தார்கள். தண்ணீரில் ஊறி உள்பக்கம் மட்டும் நமத்துப்போய், விரல் பட்டதும் உதிர்ந்தது. வெளிப்பக்கம் இன்னும் கெட்டியாக இருந்தது. அதனால்தான் மேலாகப் பார்த்தால் தெரியாது, எடை ஏறினால்தான் சாயும் என்றார். வாரைத் தைத்துத் தருகிறேன், ஆனால் இதைப் போட்டு எடை தூக்கக் கூடாது, முழங்கால் போய்விடும், வேறு ஷூ வாங்குங்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஷூவுக்குள் வைத்தாராம். கொண்டுவந்த ஓட்டுநரிடம் வாயாலும் சொன்னாராம்.

"அவரு சீட்டை எடுத்து என் எதிர்லயே படிச்சாரும்மா. படிச்சுட்டு, இங்க கட்டை விரலை வச்சு அழுத்திப் பாத்தாரு. சரியாத்தான் பாத்தாரு. விவரம் தெரிஞ்ச ஆளு போலன்னு நினைச்சேன்."

அவளுக்கு அங்கே உட்கார ஒரு முக்காலி கொடுத்தார். அவள் உட்கார்ந்தாள். மறந்திருப்பானோ? மறந்தவன் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான். சீட்டு விழுந்திருக்குமோ? படித்திருக்கிறான். குதிகால் அமுங்கினால் என்ன ஆகும் என்று தெரியாதவனா? பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்கியவன். ஒவ்வொரு சாக்காகத் தேடித் தேடி அவனுக்காக அவளே வாதாடினாள். ஒன்றும் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மாலை நாலரை. சமையலறையில் கணவன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கூடத்தில் நாத்தனார் அணிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போட்டி அடுத்த வாரம். அண்ணி சமையலறைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஷூ தைக்கிறவரைப் பாத்துட்டு வரேன்."

அவன் கை நின்றது. பிறகு அதே வெங்காயத்தை மறுபடி உரிக்க ஆரம்பித்தான்.

"அந்தச் சீட்டை என்ன பண்ணீங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றான்.

பிறகு பேசினான். நிறையப் பேசினான். அவள் விழுவாள் என்று சத்தியமாக நினைக்கவில்லை என்றான். இரண்டு மூன்று கிலோ குறையும், தங்கை முந்திவிடுவாள், அவ்வளவோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தானாம். அவளுக்கு நிரந்தர வேலை இருக்கிறது, தங்கைக்கு இல்லை. அவளுக்குப் பதக்கங்கள் இருக்கின்றன, தங்கைக்கு இனிமேல்தான் எல்லாம். சீட்டைக் காட்டியிருந்தால் அன்றைக்கே வேறு ஷூ வாங்கியிருப்பாள், ஜெயித்திருப்பாள், அது தனக்குத் தெரியும் என்றான். அம்மா சாகும்போது அந்தப் பெண்ணைத் தன் கையில் பிடித்துக் கொடுத்ததைச் சொன்னான். சொல்லும்போது கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயமா வருத்தமா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்றாள் அவள். "விட்டுக்குடுன்னு ஒரு வார்த்தை."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

அவள் யோசித்தாள். "தெரியல. அதைச் சொல்ற உரிமை எனக்குத்தானே இருந்துச்சு?"

கூடத்தில் இஸ்திரிப் பெட்டியின் சத்தம் நின்றிருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். நாத்தனார் சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாள். அதிர்ந்துபோன முகம் இல்லை அது. பிடிபட்ட முகம்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முன்னாடி சத்தியமாத் தெரியாது அண்ணி. நீங்க விழுந்த மூணாம் நாள் அண்ணன் சொல்லுச்சு."

ஒன்பது வாரம். ஒரு நாளைக்கு இரண்டு ஒத்தடம். அந்தப் பெண் எதற்காக அழுதாள் என்று இப்போது தெரிந்தது. அழுதவளை இவள் தேற்றியிருக்கிறாள். அடிபட்டவள் இவள், ஆறுதல் சொன்னவளும் இவள். வீடு முழுக்க ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. தெரியாதவள் அவள் ஒருத்தி மட்டும்தான். தன்னைச் சுற்றி நடந்த அத்தனை அன்பும், குளியலறைக் கம்பி உட்பட, வேறு எதற்கோ கட்டிய கடன் போல அவளுக்குத் தோன்றியது. அன்பு பொய்யாக இருந்திருக்காது. அதுதான் இன்னும் வலித்தது.

அவள் கத்தவில்லை. துணி எடுத்து வைத்தாள். சலவைப் பிரிவில் இஸ்திரி போடும் தோழி ஒருத்திக்கு மருத்துவமனைக் குடியிருப்பில் ஓர் அறை உண்டு. அங்கே போனாள். கணவன் பையை வாங்கிக்கொள்ள வந்தபோது, கால்தான் சரியில்லை, கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். வாசல் வரை அவன் கூடவே வந்தான். நாத்தனார் வரவில்லை.

மறுநாள் மாஸ்டரிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் வெகுநேரம் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். எழுத்து மூலம் புகார் கொடுத்தால் தேர்வையே ரத்து செய்ய வைக்கலாம் என்றார். அவள் இரண்டு நாள் யோசித்தாள். புகார் கொடுத்தாலும் இந்தக் காலோடு அவள் போக முடியாது. அந்தப் பெண்ணின் வேலை போகும், இவளுக்கு எதுவும் வராது. கொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று மாஸ்டர் சொன்னபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. அவர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்து அவள் அதைச் செய்யவில்லை. அவர்களோடு இன்னொரு நாளைக் கழிக்க வேண்டாம் என்றுதான் செய்தாள். நாத்தனார் போட்டிக்குப் போனாள். எட்டுப் பேரில் ஆறாவதாக வந்தாள். வேலை நிரந்தரமானது.

புது ஷூவை அவள் தனியாகத்தான் தேர்ந்தெடுத்தாள். ஷூ செய்பவர் அவளை வெறுங்காலோடு நிற்கவைத்து, குதிகாலுக்குக் கீழே வெவ்வேறு கனமுள்ள மரப்பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, மெல்ல உட்காரச் சொன்னார். எந்தக் கனத்தில் முழங்காலுக்கு நோகவில்லை, எந்தக் கனத்தில் நெஞ்சு நிமிர்கிறது என்று அவளையே சொல்லச் சொன்னார். நீங்கள் பார்த்துச் சொல்லுங்களேன் என்றாள் அவள்.

"நான் வெளியிலேருந்துதான் பாக்கறேன். நிக்கிறது நீங்க. எது சரின்னு உங்க காலுக்குத்தான் தெரியும்" என்றார்.

அவள் நாலு தடவை மாற்றிப் பார்த்து மூன்றாவது பலகையைச் சொன்னாள். அட்டை வேண்டாம், கெட்டி மரமே வையுங்கள் என்றாள். மரம் கனம் கூடும் என்றார். பரவாயில்லை, கனம் தூக்கித்தான் பழக்கம் என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

ஐந்து மாதம் கழித்து எடை இல்லாத வெறும் கம்பியில் ஆரம்பித்தாள். ஒரு வருடம் முடியும்போது எண்பத்து நாலு வரை வந்திருந்தாள். தொண்ணூற்றொன்று இன்னும் தூரத்தில்தான் இருந்தது. நாத்தனார் வேறு நேரத்துக்குப் பயிற்சியை மாற்றிக்கொண்டாள். எதிர்ப்பட்டால் "அண்ணி" என்பாள். இவள் தலையசைப்பாள். அதற்கு மேல் இருவருக்கும் வரவில்லை.

கணவன் வாரம் ஒருமுறை கூடத்து வாசலுக்கு வந்தான். முதலில் தூரத்தில் நின்றான். பிறகு பேசினான். மெலிந்திருந்தான். வீட்டுக்கு வந்துவிடு என்றான். அன்றைக்குப் புத்தி பேதலித்துவிட்டது, தினமும் அதையே நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறேன், உனக்கு அடிபடும் என்று தெரிந்திருந்தால் கையை வெட்டிக்கொண்டிருப்பேன் என்றான். அவள் நம்பினாள். உண்மையாகவே நம்பினாள். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்த மனிதன். எது நடிப்பு, எது இல்லை என்று தெரியாதா?

"அடிபட்டதுக்கு எனக்குக் கோபம் இல்ல" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். யோசிக்காம சொல்லுங்க. நாளைக்கு மறுபடியும் ஒரே ஒரு இடம். நானும் அவளும். எனக்கு மட்டும் தெரியாத ஒரு விஷயம் உங்க கையில இருக்கு. சொல்லுவீங்களா?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கூடத்தின் கதவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். நல்ல மனிதன்தான், பொய் சொல்லக் கூடாது என்று அந்த நேரத்தில் முடிவெடுத்திருந்தான் போல. அதனால் யோசித்தான்.

உள்ளே மாஸ்டர், கம்பி காலியாக இருக்கிறது, அடுத்தது யார் என்று கேட்கும் சத்தம் வந்தது. அவள் இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சரி, நீங்க கெளம்புங்க. வண்டிக்கு நேரமாகுது" என்று சொல்லிவிட்டு, குனிந்து இரண்டு கால் வார்களையும் இழுத்து இறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.